பார்க்கிங் பிரேக் போட்டிருந்தும் விமானம் எப்படி நகருது? துலூஸ் ஏ340 ஃபார்வர்ட் உண்மையா?

விண்பித்தன்:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா இங்க படிக்கறதோட சரி, முதல் தடவையா கேள்வி போடறேன். வாட்ஸ்அப்புல ஒரு பழைய ஃபார்வர்ட் மறுபடி சுத்திட்டிருக்கு, ஒரு புத்தம்புது ஏர்பஸ் ஏ340-600 சுவத்துல ஏறி மூக்கு உடைஞ்சு கிடக்கற போட்டோ, நீங்களும் பாத்திருப்பீங்க. அதுல எழுதியிருக்கறது என்னன்னா, வாங்க வந்த அரபு கம்பெனி ஆளுங்க மேனுவலே படிக்காம நாலு இன்ஜினையும் முழு பவர்ல வச்சாங்களாம், காக்பிட்ல வார்னிங் சத்தம் நிக்காம அடிச்சுதாம், எரிச்சல்ல எவனோ ஒரு சர்க்யூட் பிரேக்கரை இழுத்து விட்டானாம், உடனே விமானம் "நான் வானத்துல இருக்கேன்"னு நினைச்சுக்கிட்டு பிரேக்கை தானா விட்டுடுச்சாம்.

படிக்க ஜோரா இருக்கு, ஆனா எங்கயோ இடிக்குது. என் சந்தேகம் ரெண்டு. ஒண்ணு, இது நிஜமா? ரெண்டாவது, பார்க்கிங் பிரேக் போட்டு நிக்கற விமானம் தானா நகர வாய்ப்பு இருக்கா? லாரியில காத்து இறங்கினா பிரேக் பிடிச்சுக்கும், வண்டி நகரவே நகராது. விமானத்துலயும் அப்படித்தானே இருக்கணும்?

டர்போ_தம்பி:
உண்மைதான் ப்ரோ. எனக்கும் வந்துச்சு, ஏவியேஷன்ல இருக்கற ஒருத்தர்தான் அனுப்பினார். காசு இருக்கறவனுக்கு கைடு புக்கு எதுக்கு 😂

ஹேங்கர்வாசி:
டர்போ தம்பி, ஏவியேஷன்ல இருக்கறவர் அனுப்பினா அது உண்மையாயிடுமா? பாதி கட்டுக்கதை எங்க ஆளுங்க டீ குடிக்கும்போது உண்டாக்கினதுதான்.

விண்பித்தன் தம்பி, போட்டோ நிஜம். கதையில பெரும்பகுதி புருடா. நடந்தது 2007 நவம்பர் 15, பிரான்ஸ்ல துலூஸ், ஏர்பஸ் கம்பெனியோட சொந்த இடத்துல. விமானம் அபுதாபி ஏர்லைன் எதிஹாடுக்கு போக வேண்டியது, ஆனா அன்னிக்கு இன்னும் டெலிவரி ஆகல, ஏர்பஸ் கையிலதான் இருந்துச்சு. டெஸ்ட்டை நடத்தினது ஏர்பஸ்ஸோட கிரவுண்ட் டெஸ்ட் டெக்னீஷியன், வாங்கறவங்க தரப்பு ஆளுங்களும் கூட இருந்தாங்க, மொத்தம் 9 பேர் உள்ள. சில பேருக்கு பலமான அடி, உயிர்ச்சேதம் இல்ல. பிரான்ஸ் விபத்து விசாரணை அமைப்பு பிஈஏ முழு அறிக்கை போட்டிருக்கு. அதுல சர்க்யூட் பிரேக்கரை இழுத்ததால பிரேக் விட்டுடுச்சுங்கற கதையே கிடையாது. யாரோ ஒரு இனத்தை நக்கல் பண்ண எழுதினதை உலகமே பதினைஞ்சு வருஷத்துக்கு மேல சுமந்துட்டிருக்கு.

நிஜமா நடந்தது இன்னும் சாதாரணமான விஷயம், அதனாலதான் எனக்கு அது இன்னும் பயமா தெரியுது. ஆயில் கசிவு பாக்கறதுக்காக நாலு இன்ஜினையும் ஒரே நேரத்துல அதிக பவர்ல ஓட்டினாங்க, கிட்டத்தட்ட 3 நிமிஷம். சக்கரம் உருளாம முட்டுக் குடுக்கற சாக் கட்டை கிடையாது. வெறும் பார்க்கிங் பிரேக் மட்டும். அந்த பவருக்கு அந்த பிரேக் தாங்கறதே எல்லைக்கோட்டுல இருந்துச்சு. நிறுத்தி வச்சு இன்ஜினை ஓட்டிப் பாக்கற ரன்-அப்புக்குன்னு எழுதி வச்ச முறை இப்படி இல்லவே இல்ல, கட்டை போடணும், நாலையும் சேத்து அப்படி ஏத்தக் கூடாது. பிரேக் தோத்துச்சு, வண்டி நகர ஆரம்பிச்சுது, அதுலேர்ந்து சுவர்ல மோதறதுக்கு வெறும் 13 செகண்ட்.

இப்ப அந்த 13 செகண்ட்ல என்ன நடந்துச்சுன்னு பாரு. டெக்னீஷியன் பெடலை மிதிச்சார், பார்க்கிங் பிரேக்கை எடுத்து விட்டார், மூக்குச் சக்கரத்தை வலப்பக்கம் ஒடிச்சார். ஒடிச்சதுல ஒரு வில்லங்கம், இந்த மாடல்ல நடுவுல ஒரு லேண்டிங் கியர், அதாவது சக்கரக் கால், தனியா இருக்கு, ஸ்டியரிங் அதிகமா ஒடிச்சா அந்த நடு கியரோட பிரேக் வேலை செய்யாது, அப்படித்தான் டிசைன். ஆக இருந்த பிரேக்கும் குறைஞ்சுது. ஆனா முக்கியமானது வேற. இன்ஜின் பவரை ஏத்தி இறக்கற நாலு த்ரஸ்ட் லீவரும் கைக்கு எட்டற தூரத்துல, பின்னாடி இழுத்தா கதை முடிஞ்சிருக்கும், இழுக்கணும்னு தோணல, தோணறப்ப சுவர் வந்துடுச்சு. பிஈஏ இதை தெளிவா சொல்லுது, எதிர்பாராத அதிர்ச்சியில அவர் கவனம் முழுக்க பிரேக் மேலயே போயிடுச்சு, பவரை குறைக்கற யோசனையே வரல. வண்டி நகருதுன்னா மனுஷனுக்கு முதல்ல வேலை செய்யறது கால், கை அப்புறம்தான்.

அந்த இடத்துல கட்டை இருந்திருந்தா இவ்வளவும் வேண்டாம்.

விண்பித்தன்:
ஹேங்கர்வாசி அண்ணா ரொம்ப நன்றி, சர்க்யூட் பிரேக்கர் கதையை நாலு க்ரூப்புல மறுத்து போட்டுட்டு வந்தேன், ஒருத்தர் என்னை ரிமூவே பண்ணிட்டார். சரி அந்த லாரி கேள்வி? ப்ரெஷர் போனா பிரேக் பிடிக்குமா விடுமா?

ராம்ப்_ராத்திரி:
விட்டுடும். 

லாரியில ஸ்பிரிங்தான் பிரேக்கை பிடிக்குது, காத்து வந்து அதை தள்ளி விடுது, அதனால காத்து போனா பிடிச்சுக்கும். விமானத்துல நேர் தலைகீழ். ஹைட்ராலிக் ப்ரெஷர் பிஸ்டனை தள்ளினாதான் டிஸ்க் இறுகும், ப்ரெஷர் போனா ஸ்பிரிங் பிஸ்டனை பின்னாடி இழுத்துக்கும். ஏன் அப்படி வச்சான்னு கேப்பே. ஆகாயத்துல ஹைட்ராலிக் போச்சுன்னு வச்சுக்கோ, சக்கரமெல்லாம் பூட்டின நிலையில 200 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல தரையை தொட்டா டயர் அத்தனையும் அங்கயே வெடிச்சிரும். அதுக்கு பிரேக் இல்லாம இறங்கறது எவ்வளவோ மேல்.

அப்ப இன்ஜின் அணைச்சு ராத்திரி பூரா நிக்கற விமானத்துக்கு ப்ரெஷர் யார் குடுக்கறா? அக்யூமுலேட்டர்னு ஒரு சிலிண்டர், ஒரு பக்கம் நைட்ரஜன் அடைச்சிருக்கும், இன்னொரு பக்கம் ஹைட்ராலிக் எண்ணெய். சேத்து வச்ச அந்த ப்ரெஷர்தான் பிரேக்கை பிடிச்சிட்டிருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமா கசியும், கசியத்தான் செய்யும், பழுதுன்னு அர்த்தம் இல்ல. ஏ320-க்கு குறைஞ்சது 12 மணி நேரம் தாங்கணும்னு கணக்கு, 737-க்கு 8 மணி நேரம். அதுக்கப்புறம் பார்க்கிங் பிரேக் ஹேண்டில் அதே 'ஆன்'லதான் இருக்கும், பாக்கறவனுக்கு பிரேக் போட்ட மாதிரியேதான் தெரியும், ஆனா சக்கரத்தை எதுவும் பிடிச்சிருக்காது. 

ஏ320-ல முன்னாடி பேனல்ல சின்னதா ஒரு கேஜ் இருக்கு, மூணு முள்ளு. மேல ஒண்ணு அக்யூமுலேட்டர், கீழ ரெண்டு இடது வலது பிரேக். டோவிங்க்கு, அதாவது விமானத்தை வண்டி கட்டி இழுக்கறதுக்கு, காக்பிட்ல ஆள் ஏறினா சீட்ல உக்காந்ததும் அந்த மேல் முள்ளு பச்சை பட்டைக்குள்ள நிக்குதான்னு பாக்கணும். இல்லன்னா யெல்லோங்கற ஹைட்ராலிக் சிஸ்டத்தோட எலெக்ட்ரிக் பம்ப்பை போட்டு ஏத்தணும். அதையும் பாட்டுக்கு போட முடியாது, ப்ரெஷர் வந்தா இறக்கை, வாலுல இருக்கற ஃப்ளைட் கன்ட்ரோல் பலகை அசையலாம், கீழ எவனாவது பக்கத்துல நின்னா அவன் கதி? ஹெட்செட்ல கேட்டு, கீழேர்ந்து க்ளியர்னு சொன்ன அப்புறம்தான் பட்டன். மூணு நிமிஷ வேலை. ராத்திரி ரெண்டு மணிக்கு, அடுத்த ஸ்டாண்டுக்கு அவசரமா காலி பண்ணச் சொல்லி ரேடியோல கத்திட்டிருக்கும்போது அந்த மூணு நிமிஷம்தான் முதல்ல காணாம போகும்.

விமானத்தையும் இழுக்கற வண்டியையும் (டக்) இணைக்கற டோ பார்ல ஷியர் பின்னுனு ஒண்ணு உண்டு, லோடு அதிகமானா மூக்கு கியர் உடையறதுக்கு பதிலா அது உடையணும்னே வச்சிருக்கான். உடைஞ்சா டக் தனி, விமானம் தனி. அந்த நேரம் காக்பிட்ல இருக்கறவன் காலுக்கு கீழ ப்ரெஷர் இல்லன்னா அவன் வெறும் பிரயாணி. விமானம் நிக்கற தளம் (ஆப்ரன்) சரிவா இருந்தா அது போய் எதுல முட்டுதோ அதுல முட்டும்.

ஹேங்கர்வாசி:
ராம்ப் சொன்னதுல ஒரு சேர்க்கை. சில பேர் கேப்பாங்க, கட்டை போட்ட அப்புறம் பைலட்டே பார்க்கிங் பிரேக்கை ரிலீஸ் பண்றாரே அது தப்பில்லையான்னு. தப்பில்ல. இறங்கி வந்த பிரேக் கொதிச்சிட்டிருக்கும், இறுக்கி பிடிச்சே வச்சா ஆறாது. ஏ320-ல பிரேக் 300 டிகிரிக்கு மேல இருந்தா டேக்-ஆஃப்பே கூடாது. அதனால கட்டை வச்சாச்சுன்னு உறுதி வந்ததும் பிரேக்கை எடுப்பாங்க. சிக்கல் எங்கன்னா, கீழ இருக்கறவன் கட்டையை டயருக்கு ஒட்டி வைக்காம ஒரு ஜாண் தள்ளி வச்சிட்டு கையை காட்டிடுவான், மேல இருக்கறவர் பிரேக்கை எடுப்பார். வண்டி அந்த ஒரு ஜாண் உருண்டு கட்டை மேல ஏறப் பாக்கும், அந்த நேரம் ஏரோபிரிட்ஜ் ஒட்டியிருந்தா கதவு போச்சு.

கொதிக்கற பிரேக்னு வந்ததால சொல்றேன், சக்கரத்துக்கு பக்கவாட்டுல எப்பவும் போய் நிக்காதீங்க, முன்னாடி இல்லன்னா பின்னாடி. வீல்ல ஃப்யூஸ் பிளக் இருக்கு, சூடு ஏறினா உருகி காத்தை விட்டுடும், இருந்தாலும் அதை நம்பி நெஞ்சை காட்ட வேண்டாம். டயருக்குள்ள நைட்ரஜன் அடைக்கறதும் சும்மா இல்ல. 1986 மார்ச் 31-ல மெக்ஸிகானா 727 ஒண்ணு, இழுத்து பிடிச்ச பிரேக்கோட கிளம்பிடுச்சு, டயர்ல நைட்ரஜனுக்கு பதில் சாதாரண காத்து, மேல போய் வெடிச்சு 167 பேர் போயிட்டாங்க. தப்பு முழுக்க தரையில நடந்தது.

செக்லிஸ்ட்_செல்வி:
ஹேங்கர்வாசி அண்ணா துலூஸ்ல பவரை குறைக்க தோணலன்னு சொன்னீங்க. எனக்கு அதை விட உறுத்தற கேஸ் ரெண்டு, ரெண்டுலயும் பிரேக் பார்ட்ஸ்ல ஒரு கோளாறும் கிடையாது, பிரேக்குக்கு உயிர் குடுக்கறது எதுன்னு அந்த நிமிஷம் மறந்து போச்சு, அவ்வளவுதான்.

முதல்ல மினியாபொலிஸ், 2005 மே 10. நார்த்வெஸ்ட் டிசி-9, வழியில வலது பக்க ஹைட்ராலிக் சிஸ்டம் கசிஞ்சு போச்சு. இடது பக்கத்தை வச்சு பத்திரமா இறங்கிட்டாங்க. கஷ்டமான பாகம் முடிஞ்சுதுன்னு எல்லாருக்கும் மூச்சு வந்திருக்கும். ரன்வேயிலயே நின்னு டோ பண்ணச் சொல்லி கேக்காம தானே ஓட்டிட்டு கேட்டுக்கு வந்தாங்க. கேட் பக்கத்துல வந்து கேப்டன் இடது இன்ஜினை அணைச்சிட்டார். மிச்சம் இருந்த ஒரே ஹைட்ராலிக் பம்ப் அந்த இன்ஜின்லதான். ஸ்டியரிங்கும் போச்சு, பிரேக்கும் போச்சு, நேரா போய் அப்பதான் கேட்லேர்ந்து பின்னாடி தள்ளி (புஷ்பேக்) எடுத்துட்டிருந்த அதே கம்பெனி ஏ319 மேல மோதுச்சு, எரிபொருள் வேற கொட்டுச்சு. யாரும் சாகல, அது அதிர்ஷ்டம்.

இன்னொண்ணு கோலாலம்பூர், 2001 ஆகஸ்ட் 23. சவூதியா 747, பயணிகள் யாரும் இல்ல, கிரவுண்ட் இன்ஜினியர் ஹேங்கர்லேர்ந்து கேட்டுக்கு ஓட்டிட்டு வரார். நாலு இன்ஜின்ல உள்பக்கம் இருக்கற 2-ம் 3-ம் மட்டும் ஓடுது. 747-ல பிரேக்குக்கு ப்ரெஷர் அதே நம்பர் இன்ஜின் ஓட்டற 1, 4 ஹைட்ராலிக் சிஸ்டத்துலேர்ந்து வரும். அந்த இன்ஜின் ஓடலன்னா ஆக்ஸிலரி பம்ப்பை போட்டிருக்கணும், போடல. திருப்பத்துல பிரேக்கை மிதிச்சா ஒண்ணும் இல்ல, ஸ்டியரிங்கும் கேக்கல, அப்படியே போய் மழைநீர் வாய்க்கால்ல மூக்கை குத்திக்கிச்சு. அந்த விமானம் அதோட சரி, திரும்ப பறக்கல.

பறக்கறதுக்கு இருக்கற செக்லிஸ்ட்டை எல்லாரும் சாமி மாதிரி மதிக்கறாங்க. தரையில ஐநூறு மீட்டர் நகத்தறதுன்னா "இதுல என்ன இருக்கு"ங்கற நினைப்பு வந்துடுது.

டர்போ_தம்பி:
சரி நான் சொன்னது தப்புதான் விடுங்க 🙏 ஆனா ஒண்ணு, எல்லா கேஸ்லயும் மனுஷ தப்புதானே? செய்யாதவனை வீட்டுக்கு அனுப்பினா அடுத்தவன் ஒழுங்கா செய்வான். இதுக்கு எதுக்கு 100 பக்க அறிக்கை?

ராம்ப்_ராத்திரி:
அனுப்பலாம் தம்பி. அடுத்து வர்றவனுக்கும் அதே ராத்திரி, அதே ரேடியோ கத்தல், அதே மங்கின லைட்டு. அவனும் அதையேதான் செய்வான்.

துலூஸ் அறிக்கையிலயே அந்த ஒருத்தரோட நிறுத்தல. டெஸ்ட்டை முறைப்படி நடத்தறாங்களான்னு கண்காணிக்கற ஏற்பாடே இல்லன்னு சொல்லுது. வாங்க வந்தவங்க பக்கத்துல நின்னு "இன்னொரு தடவை ஏத்திப் பாப்போம்"னு கேக்கும்போது முடியாதுன்னு சொல்ற தைரியம் ஒரு டெக்னீஷியனுக்கு எங்கேர்ந்து வரும்? அந்த தைரியத்தை மேல இருக்கறவன் எழுத்துல குடுத்திருக்கணும்.

செக்லிஸ்ட்_செல்வி:
இதுக்கு ஹீத்ரோ 787-ஐ விட நல்ல உதாரணம் இல்ல. 2021 ஜூன் 18, பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஸ்டாண்டுல நின்னுட்டிருந்த விமானம். மூக்கு கியர் கதவு சம்பந்தமா ஒரு ஃபால்ட் மெசேஜ், அதை க்ளியர் பண்ண காக்பிட்ல கியர் லீவரை மேல தூக்கி இறக்கணும். தரையில நிக்கும்போது லீவரை தூக்கினா கியர் மடங்காம இருக்கறதுக்கு ஒவ்வொரு கியர்லயும் லாக் பின் சொருகுவாங்க. முறைப்படிதான் செஞ்சாங்க, பின்னும் சொருகினாங்க. ஆனா மூக்கு கியர்ல அந்த ஓட்டைக்கு பக்கத்துலயே அதே மாதிரி இன்னொரு ஓட்டை, பின் அதுலயும் அழகா போய் உக்காரும். அதுல போச்சு. லீவரை தூக்கினதும் மூக்கு மடங்கி விமானம் தரையில முகம் குப்புற விழுந்துச்சு.

இதுல உறுத்தற விஷயம், அந்த தப்பு ஓட்டையை அடைக்கணும்னு ஏற்கனவே உத்தரவு வந்திருந்துச்சு, ஏன்னா முன்னாடியே இப்படி நடந்திருக்கு. செஞ்சு முடிக்க குடுத்த கெடு இன்னும் முடியல, இந்த விமானத்துல இன்னும் செய்யல. இப்ப சொல்லுங்க டர்போ, யாரை வீட்டுக்கு அனுப்பறது?

டர்போ_தம்பி:
ஓட்டையை 😶

ஹேங்கர்வாசி:
😄 இதுக்கு பதில் இல்ல எங்கிட்ட.

ஒரு விஷயம் மட்டும் விட்டுப் போச்சு. இங்க எல்லாரும் பிரேக் விட்டுப் போறதையே பேசிட்டிருக்கோம். பிரேக் கச்சிதமா பிடிச்சிருக்கும்போதும் ஆள் போயிருக்கு. 2022 டிசம்பர் 31, அமெரிக்காவுல மாண்ட்காமரி, எம்ப்ரேயர் 175. கேட்ல வந்து நின்னாச்சு, பார்க்கிங் பிரேக் போட்டாச்சு. இன்ஜினை அணைச்சப்புறம் கரண்ட் குடுக்கற ஏபியூ வேலை செய்யல, அதனால வெளி கரண்ட் வர வரைக்கும் இன்ஜின் ஓடணும், ஆறறதுக்கும் ரெண்டு நிமிஷம் வேணும். இன்ஜின் ஓடும், கிட்ட போகாதீங்கன்னு கீழ இருக்கறவங்களுக்கு முன்கூட்டியே சொல்லியும் இருந்தாங்க. இன்ஜின் ஓடுதுன்னு எச்சரிக்கற பீக்கன் லைட் சுத்திட்டே இருந்துச்சு. அப்படியும் ஒரு ஊழியர் இன்ஜினுக்கு முன்னாடி போயிட்டாங்க. நின்னுட்டுது, பிரேக் போட்டாச்சு, அப்ப வேலை ஆரம்பிக்கலாம்னு உடம்புக்கு பழகிப் போன பழக்கம் இருக்கு பாரு, அது காதுல விழுந்த பேச்சை விட பலமானது. 

மும்பையில 2015 டிசம்பர் 16 ஏர் இந்தியா ஏ319 கேஸ் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், அது மறுபக்கம். புஷ்பேக் முடிஞ்சுது, டெக்னீஷியன் இன்னும் விமானத்துக்கு பக்கத்துலயே இருக்கார், அதுக்குள்ள விமானம் கிளம்பிடுச்சு, இன்ஜின் அவரை உள்ள இழுத்துக்கிச்சு. கீழ இருக்கறவர் ஒதுங்கி நின்னு, மூக்கு கியர்லேர்ந்து எடுத்த பின்னை கொடியோட தூக்கிக் காட்டி, கையை அசைச்சு, மேலேர்ந்து பதில் கை வர வரைக்கும் நகரவே கூடாதுங்கறது அதுக்குத்தான்.

விண்பித்தன்:
அண்ணா, அக்கா எல்லாருக்கும் நன்றி, ஒரே நாள்ல இவ்வளவு கத்துப்பேன்னு நினைக்கல. கடைசியா ஒண்ணு, ஜன்னல் சீட்ல உக்காந்து பாக்கும்போது கீழ ஒருத்தர் கையை விரிச்சு அப்புறம் முஷ்டியா மடக்கறார், அது என்ன?

ராம்ப்_ராத்திரி:
பிரேக்கை போடுன்னு அர்த்தம். விரிச்ச கை மடங்கினா போடு, மடங்கின கை விரிஞ்சா எடு. மடக்கிட்டு அப்படியே நிப்பார் கவனிச்சிருக்கியா? காக்பிட்லேர்ந்து கட்டைவிரல் காட்டற வரைக்கும் அவர் அசையக் கூடாது. அதே மாதிரி ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி கையில இருக்கற குச்சியை உள்பக்கமா குத்தி ஒண்ணோட ஒண்ணு தொட்டா கட்டை வச்சாச்சுன்னு அர்த்தம். அடுத்த தடவை பாரு, கட்டை டயரோட ஒட்டி இருக்கான்னும் சேத்துப் பாரு, இறக்கை மேல சீட் விழுந்தா மட்டும் ஒண்ணும் தெரியாது.